வாசலைக் கடக்கும் எந்திரம்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் நட்டார். அதன்பின் வந்த அரை நூற்றாண்டைத் தோட்டத் தமிழர்களின் மலேரியாக் காய்ச்சல் வரலாறாகவும் எழுதலாம். இதுவரை எழுதியவர்கள் அதைக் கொயினா மருந்தையும் வடிகாலையும் எண்ணெய்த் தெளிப்பையும் கொசுவையும் வைத்தே எழுதியிருக்கிறார்கள். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மல்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். மலைத்தோட்டங்களில் அந்த முறை பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடைமீது வெயில் விழச் செய்ததும் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் கொசு அங்கே பெருகியது. கொசுவைப் பற்றி இவ்வளவு நுட்பமாகத் தெரிந்துகொண்ட நாம், அது சுமந்துவரும் ஒற்றைச் செல் உயிரின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் போதிய அளவு கேட்கவில்லை. தஞ்சோங் கிளிங் கரையோரம் முதல் உள்நாட்டுத் தோட்டம் வரை மனிதரைப் படுக்கவைத்த அந்த உயிர், ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கும் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கும் தாவும் ஒவ்வொரு கட்டமும் அதன் இயக்கப் புரதங்களின் வேலையைச் சார்ந்தது. அப்புரதங்களுக்கு இடம்பெயர்தலைவிடத் தடை கடத்தலே பெரிய பணி என்பது என் கருத்து.

ஏடிபி என்ற மூலக்கூறில் இருக்கும் ஆற்றலைச் செலவிட்டு உருவம் மாறி, செல்லுக்குள் உள்ள இழைகளைப் பற்றி இழுக்கும் புரதங்களை இயக்கப் புரதங்கள் என்கிறோம். நுண்குழல்களின்மேல் டைனீனும் கினெசினும், ஆக்டின் இழையின்மேல் மயோசினும் வேலை செய்கின்றன. மலேரியா ஒட்டுண்ணியை மனிதன் கண்டுகொண்டதே டைனீனின் தயவால்தான். 1880 நவம்பர் 6 அன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் அல்ஃபோன்ஸ் லாவெரான் ஒரு படைவீரரின் இரத்தத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, உருண்டையான ஒரு பொருளின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டையாய்த் துடித்தன. இது உயிர்தான் என்று அவருக்கு உறுதியானது அந்தத் துடிப்பைக் கண்டபிறகே. அவர் பார்த்தது ஒட்டுண்ணியின் ஆண் செல்கள் பிறக்கும் காட்சி. உடலுக்கு வெளியே வந்த இரத்தம் குளிர்ந்ததும், தான் கொசுவின் வயிற்றுக்குப் போய்விட்டதாக ஒட்டுண்ணி எடுத்துக்கொண்டது. கால் மணி நேரத்துக்குள் தன் மரபுப்பொருளை மும்முறை இரட்டித்து, டைனீன் அசைக்கும் எட்டு ஆண் செல்களை அது வெளிவிடுகிறது. பெண் செல்லைத் தேடி அடைய அவற்றுக்கு வேறு வழியில்லை.

மயோசினின் வேலை இன்னும் வியப்பானது. மனித உடலில் புகும் வடிவத்துக்குக் கசையிழையும் இல்லை, கால்போல் நீளும் உறுப்பும் இல்லை. ஆனாலும் கொசு தோலில் விட்டுச் சென்ற ஸ்போரோசோயிட் நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரான் வேகத்தில் வழுக்கிச் செல்கிறது. நம் வெள்ளணுக்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கரையில் கட்டிய கயிற்றைப் படகில் நிற்பவர் கைமாற்றி இழுத்தால் கயிறு பின்னே போக, படகு முன்னே வரும். அதுபோல, ஒட்டுண்ணியின் மேற்தோலுக்கு அடியில் ஊன்றி நிற்கும் மயோசின்-ஏ ஆக்டினைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆக்டினோடு பிணைந்த ஒட்டுப்புரதங்கள் வெளிப்பரப்பைப் பற்றியிருப்பதால் உடல் முன்னேறுகிறது. சிவப்பணுவைத் துளைக்கும் மெரோசோயிட்டுக்கும் இதே எந்திரம்தான். இதற்கான பழைய சான்று நம் பகுதியில் வாழும் நோலசி என்ற குரங்கு மலேரியா ஒட்டுண்ணியிலிருந்தே கிடைத்தது. 1975-இல் டுவோரக்கும் மில்லரும் அவர்களுடைய குழுவினரும் நோலசி மெரோசோயிட்டுகள் சிவப்பணுவுக்குள் நுழைவதைப் படம்பிடித்தனர். 1979-இல் ஆக்டினை முடக்கும் சைட்டோகலேசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி சிவப்பணுவோடு ஒட்டியது, இறுகிய இணைப்பையும் உண்டாக்கியது, ஆனால் உள்ளே போக முடியவில்லை. ஒட்டுவது வேறு, நுழைவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. மலேரியா ஒட்டுண்ணிக்கு உறவான டாக்சோபிளாஸ்மாவில் மயோசின்-ஏ மரபணுவை நீக்கினாலும் அது பிழைத்துக்கொள்வதை 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்படியானால் மயோசின் இன்றியமையாதது என்று எப்படிச் சொல்வது? மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன் விடையும் அடுத்த ஆண்டே வந்தது. மயோசின்-ஏ இல்லாத இடத்தை மயோசின்-சி ஓரளவு நிரப்புகிறது. நுழைவு முழுதும் நிற்கவில்லை என்றாலும் மிகவும் தளர்ந்துபோகிறது. மனித மலேரியாவில் கொடியதான ஃபால்சிபாரத்திலோ அந்த மாற்று ஏற்பாடு இல்லை. மயோசின்-ஏ நீக்கப்பட்ட மெரோசோயிட்டுகளால் சிவப்பணுவுக்குள் புகவே முடியவில்லை என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மயோசின்-ஏயின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் சேர்ந்தால் அது விரைவாக இயங்குகிறது, நீங்கினால் மெதுவாக ஆனால் கூடுதல் விசையோடு இழுக்கிறது. தோலில் ஓடவும் சிவப்பணுவின் சவ்வை எதிர்த்துத் தள்ளவும் ஒரே எந்திரம் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழி இதுவாக இருக்கலாம். கினெசின்களும் இதே திசையைக் காட்டுகின்றன. எலி மலேரியா ஒட்டுண்ணியின் ஒன்பது கினெசின்களை 2022-இல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றில் எட்டு இல்லாமலும் இரத்தத்தில் அது பெருகியது. அவற்றில் பலவற்றின் குறை தெரிந்தது கொசுவின் உடலில்தான், அதாவது ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தாவும் கட்டத்தில்தான்.

வாட்சனின் வடிகாலுக்கு மயோசின் தெரியாது, ஆனாலும் அது வென்றது என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் பரவிய மனித மலேரியா இல்லை. ஆனால் 2004-இல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் காட்டியபடி, வேறு மலேரியா என்று நினைத்திருந்த பல நோய்கள் உண்மையில் குரங்கிலிருந்து வந்த நோலசி. இன்று சபாவிலும் சரவாக்கிலும் மிகுதியாகவும் தீபகற்பத்தில் ஓரளவும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரை அது தாக்குகிறது. காட்டுக் குரங்குகள் அத்தனைக்கும் மருந்து கொடுக்க முடியாது. காட்டுக்குள் கடிக்கும் கொசுவை லயத்துச் சாக்கடையை வடித்துத் தடுக்கவும் முடியாது. அங்கே மனிதச் சிவப்பணுவின் வாசலில் ஒட்டுண்ணியை நிறுத்தும் மருந்து வேண்டும். ஃபால்சிபாரத்தின் மயோசின்-ஏயை முடக்கும் கேஎன்எக்ஸ்-002 என்ற சிறு மூலக்கூறு அந்தப் புரதத்தில் எங்கே பொருந்துகிறது என்பதை 2023-இல் அணு அளவில் கண்டிருக்கிறார்கள். அது இன்னும் மருந்தாகவில்லை. மனித இரத்தத்தில் வளரும் நோலசி 2013 முதல் ஆய்வகங்களில் கிடைக்கிறது. ஃபால்சிபாரத்துக்காகத் தேடும் மூலக்கூறுகளை நோலசியிலும் தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்த நோய் இருக்கும் நாட்டில் வாழும் நாம்தான்.