துபாசியும் மருத்துவரும்

கேத்தியில் திங்கள்தோறும் கூடி நூல் வாசிக்கும் நம் சிறு வட்டத்திற்குச் சென்ற கோடையில் ஒரு கடிதம் வந்தது. வட்டத்தில் போதகர் சிலரும் இறையியல் மாணவர் சிலரும் உளர். கடிதம் எழுதியவர் இப்பள்ளத்தாக்கிலேயே வளர்ந்த பெண். வீட்டில் படக மொழி, ஆலயத்தில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், விடுதித் தோழியரிடம் மலையாளம் என நான்கு மொழிகளில் வளர்ந்தவர். இந்தியாவில் உளவியல் பயின்று, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகிறார். அவர் எழுதியிருந்தது இது: “ஐயா, தமிழ் பேசும் நோயாளி எந்தப் பிரிவுக்கு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவர் கேட்பதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை மருத்துவருக்கும் நான் சொல்ல வேண்டும். என் படிப்பை அங்கே யாரும் கேட்பதில்லை. அந்த அறையில் நான் யார்?”

இந்த வினா நம்மை இரண்டு நூல்களுக்கு இட்டுச் சென்றது. ஒன்று, 1906இல் வெளிவந்த ‘தி தோடாஸ்’. எழுதியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். மற்றது, 1998இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’. எழுதியவர் யாழ்ப்பாணத்து உளநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம். இவ்விரு நூல்களையும் யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. ஒன்று மானிடவியல் மாணவருக்கு உரியது. மற்றது போரின் உளப்பாதிப்பை ஆராய்வோருக்கு உரியது. ஆயினும் மேற்கண்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் இரண்டும் ஒரே காரியத்தைப் பேசுவதாக நமக்குத் தோன்றியது. துன்பப்படுகிறவனின் மொழிக்கும் மருத்துவரின் மொழிக்கும் நடுவே நிற்பவர் யார், அப்படி நிற்பதன் விலையைச் செலுத்துகிறவர் யார் என்பதே அக்காரியம்.

முதலில் ரிவர்ஸ். இவர் 1901-02இல் நீலகிரிக்கு வந்தார். அந்நாளில் மலை இரயில் குன்னூரோடு நின்றது. நம் கேத்தி வழியாக அது உதகையை அடைந்தது 1908இல்தான். தோடரின் பார்வை, நிறவுணர்வு, வலியுணர்வு ஆகியவற்றைச் சோதித்தார். பின்னர் அவர்களுடைய பால்மடங்களின் சடங்குகளையும் குடிவழிகளையும் நுட்பமாகக் குறித்துக்கொண்டார். எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலின் உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் அவருக்குத் தோடர் மொழி தெரியாது. எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவர் செவிக்கு வந்தது. அவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் என்னும் உபதேசியார்; தோடர் நடுவில் மிஷன் ஊழியம் செய்துவந்தவர். அதாவது, நம்மவர்.

நம் வட்டத்து மாணவர் ஒருவர் இதனைச் சற்றுப் பெருமிதத்தோடு சுட்டினார். நமக்கோ பெருமிதத்தோடு ஒரு நெருடலும் உண்டாயிற்று. தோடரின் திருமந்திரங்களையும் பிறர்க்குச் சொல்லலாகாத சடங்குச் செய்திகளையும் ஓர் உபதேசியார் கேட்டு வாங்கி வெளிநாட்டு அறிஞரிடம் ஒப்படைக்கிறார். சுவிசேஷம் சொல்லச் சென்றவரிடம், ஊழியத்தால் ஈட்டிய பழக்கத்தை நம்பி அம்மக்கள் பேசியிருப்பர். ரிவர்ஸ் ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. அது அவருடைய நேர்மை. இரகசியங்களைச் சொன்னவர்கள் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. ஒருவர் மனைவியை இழந்தார். அந்நியனிடம் சொல்லத் தகாததைச் சொன்னதால் தெய்வங்கள் சினந்தன எனத் தோடர் கருதினர். இதனை அவரே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, தம் ஆராய்ச்சிக்கு அதனால் நேர்ந்த தடையைக் கணக்கிடுகிறார். சொன்னவர்களுக்குத் தாம் பட்ட கடன் என்ன என்னும் கேள்வி அந்நூலில் எழவில்லை. தெய்வக் கோபத்தை நாம் நம்புகிறோமா என்பது இங்கே பொருளன்று. சொன்னவன் அஞ்சினான், கேட்டவர் புத்தகத்தோடு கப்பலேறினார் என்பதே பொருள்.

இதே ரிவர்ஸ்தான் முதல் உலகப் போரின்போது, 1916-17இல், எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில், குண்டு அதிர்ச்சியால் மனம் கலங்கிய அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார் என்பதை நம்முள் பலர் அறியோம். கவிஞர் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றவர். நடந்ததை மறந்துவிடுங்கள் என்று அதிகாரிகளுக்கு அறிவுரை கூறுவது தவறு, அடக்கப்பட்ட நினைவு இரவில் கனவாக எழும், அதனைப் பேசி நேர்கொள்ள வேண்டும் என்று அவர் கற்பித்தார். 1918இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளியான அவருடைய கட்டுரை இன்றும் மதிக்கப்படுகிறது. அதிலும் நேர்மை உண்டு: ஆறுதலுக்கு இடமே தராத கொடிய நினைவுகளின்முன் தம் முறை பயன்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். இன்னுமொரு செய்தி நம்மைக் கவர்ந்தது. அவருடைய தந்தை ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவானவர். திக்குவாயைத் திருத்தும் பயிற்சியும் அளித்தவர். மகனுக்கோ வாழ்நாள் முழுதும் பேச்சு திக்கிற்று. சொல் வெளிவருவது எத்தனை கடினம் என்பதை அவர் நூல்களால் மட்டும் அறியவில்லை.

கிரெய்க்லாக்கார்டில் அவருக்குத் துபாசி தேவைப்படவில்லை. நோயாளிகள் அவருடைய மொழியினர், ஏறத்தாழ அவருடைய வகுப்பினர். பேசச் சொல்வதும் பேசினவனைத் தாங்குவதும் ஒரே மனிதரின் பொறுப்பாக இருந்தன. நீலகிரியில் அவை பிரிந்து கிடந்தன: பேசச் சொன்னவர் ஒருவர், கேட்டுச் சொன்னவர் ஒருவர், தாங்கினவர் எவருமில்லை. ரிவர்ஸின் இரு பணிகளுக்கும் இடையே நாம் காணும் வேறுபாடு இதுவே.

இவ்வளவு கூறியபின் நம் சொந்தக் காரியத்தை மறைப்பது முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன், நம் சபையைச் சேர்ந்த ஒரு மூதாட்டியைச் சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அவருக்குப் படக மொழியன்றி வேறு சரளமாக வராது. மருத்துவருக்கு அது தெரியாது. நாமே துபாசியானோம். தமக்கு இனி உயிர் வாழ விருப்பமில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். நாம் மருத்துவரிடம் சொன்னதோ, “தூக்கம் வருவதில்லை, மனச்சோர்வாக இருக்கிறார்” என்பதே. சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர், அதிலும் நற்செய்திப் பெண்கள் கூட்டத்தில் ஜெபம் நடத்துகிறவர், அப்படிச் சொன்னார் என்று பிறர் காதில் விழுவது நமக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு மரியாதை செய்வதாக எண்ணினோம். மருத்துவர் தாம் கேட்டதற்கேற்ப மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து, உண்ணாமல் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளை மகள் கண்டெடுத்து நம்மிடம் ஓடிவந்தாள். தேவகிருபையால் தீங்கு நேரவில்லை. அன்று மருத்துவரிடம் மீண்டும் சென்று, அம்மா சொன்னதைச் சொன்னபடியே சொன்னோம். உபதேசியார் சாமுவேலைப் பற்றி எழுதும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு என்பதை வாசகர் முடிவு செய்யலாம்.

ஆதியாகமம் 42ஆம் அதிகாரத்தில் யோசேப்பு தன் சகோதரரிடம் துபாசியைக் கொண்டு பேசுகிறான். அந்நிய நாட்டில் பயிற்சி பெற்று, அந்நிய ஆடையில், அந்நிய மொழியில் அதிகாரம் செய்கிறவன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவனுக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு விளங்கும் என்பதை அவர்கள் அறியவில்லை. அவன் அப்புறம் போய் அழுதான். நம் பிரசங்கங்களில் இந்தக் கண்ணீரைச் சகோதர பாசத்திற்குச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். மொழி தெரிந்தும் தெரியாதவனைப்போல் பதவியில் அமர்ந்திருக்க வேண்டியவனின் கண்ணீராகவும் அதனை வாசிக்கலாம். இங்கிலாந்திலிருந்து எழுதிய பெண்ணின் நிலையோ அதற்கு நேர்மாறானது. யோசேப்புக்குப் பதவி இருந்தது, மொழியை மறைத்தான். இவருக்கு மொழி இருக்கிறது, பதவி மறைந்துபோகிறது.

இனி சோமசுந்தரம். இவர் துபாசி இன்றித் தம் மக்களிடமே பணியாற்றினார். அதுவும் போரின் நடுவில். எனினும் அவர் கற்ற மருத்துவம் அயல்மொழியில் அமைந்தது. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 1980இல் தன் கையேட்டில் ஏற்றுக்கொண்ட நோய்ப்பெயர் ஒன்றைத் தமிழில் வழங்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தார் அதனை ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்றனர். 1993இல் அவர் தமிழில் எழுதிய கைந்நூலின் பெயரே ‘மனவடு’. கிராம அலுவலரும் ஆசிரியரும் குருமாரும் படித்துப் பயன்படுத்தும்படி இத்தகைய நூலைத் தாய்மொழியில் தந்ததற்காக அவருக்குத் தமிழர் கடமைப்பட்டுள்ளனர். ஆங்கில நூலைவிட இச்சிறு நூலே பெரிய செயல் என்பது நம் துணிபு.

ஆயினும் ‘வடு’ என்னும் சொல்லில் நமக்கு ஒரு தடை உண்டு. கிரேக்கத்தில் அந்நோய்ப் பெயரின் மூலச்சொல் காயத்தையே குறிக்கும். புதிய ஏற்பாட்டில் அச்சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது: லூக்கா 10:34, நல்ல சமாரியன் கட்டிய காயங்கள். வள்ளுவரோ 129ஆம் குறளில் ஆறுவதைப் புண் என்றும் ஆறாததை வடு என்றும் பிரித்து வைத்தார். தமிழ் நெஞ்சில் அந்தப் பிரிவு ஊறிப்போயிருக்கிறது. ஆகவே ‘மனவடு’ என்று கேட்கும் தமிழ் நோயாளி, தன்னுடையது ஆறாது என்ற தீர்ப்பைக் கேட்டுவிடக்கூடும். மாறாக, வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளமே அன்றோ என்று நம் வட்டத்தில் ஒருவர் வாதித்தார். உயிர்த்தெழுந்தவரின் கைகளையும் அவர் எடுத்துக்காட்டினார். வாதம் நன்று. ஆனால் சொல்லின் ஓசை நோயாளியின் செவியில் என்ன செய்கிறது என்பதை இறையியல் தீர்மானிக்க இயலாது.

ஈழத்தார் வழங்கும் மற்றொரு சொல்லை நாம் தயக்கமின்றி ஏற்போம். நாம் ‘ஆலோசனை’ என்று சொல்லிப் பழகிய பணியை அவர்கள் ‘ஆற்றுப்படுத்தல்’ என்கின்றனர். ஆலோசனை என்றால் புத்தி சொல்வது. அதில் நம் போதகர்கள் வல்லவர்கள், சற்று மிகையாகவே. ஆற்றுப்படை நூல்களிலோ, வழி சொல்கிறவன் வறுமையில் அதே வழியே நடந்து வந்த பாணனோ கூத்தனோ ஆவான். போதாததற்கு, ஆற்றுதல் என்பதில் தணித்தலும் கலந்திருக்கிறது. அயல்நாட்டுப் பாடநூலைப் பிடித்துக்கொண்டு நம் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் மேய்ப்புப் பணிப் பாடத்திற்கு இச்சொல் ஒன்றே ஒரு திருத்தமாகும்.

சோமசுந்தரத்தின் முறையில் குருமாரைக் கூர்ந்து சிந்திக்கச் செய்வது இன்னொன்று உண்டு. தசைத் தளர்ச்சி, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு, அவரவர் சமயத்துத் திருநாமத்தையோ செபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கத்தையும் அவர் சிகிச்சையில் சேர்த்தார். இந்துவுக்கு ஓங்காரம், கிறிஸ்தவருக்கு இயேசு செபம், இஸ்லாமியருக்கு அவர்தம் துதி. தெய்வ நாமத்தை மருந்துச் சீட்டில் எழுதலாமா என்று நம்மில் சிலர் முகம் சுளித்தனர். செபம் ஒரு நுட்பமாகச் சுருங்கிவிடும் ஆபத்து மெய்தான். இதில் நூல் போதிய எச்சரிக்கை தரவில்லை என்பதே நம் கருத்து. ஆனால் பெருமூச்சும் நெஞ்சுவலியுமாக வரும் பெண்ணிடம், அவள் தாய் சொல்லிக்கொடுத்த வார்த்தையையே திருப்பிக் கொடுக்கும் மருத்துவர், புதிய சொல்லொன்றைத் திணிப்பவரைவிட மேலானவர்.

பேசினவர்க்கு நேரும் இடர் என்னும் முந்தைய பொருளுக்கும் இங்கே இடமுண்டு. ‘முறிந்த பனை’ என்னும் நூலை நால்வர் சேர்ந்து எழுதினர். சோமசுந்தரம் அவர்களுள் ஒருவர். மற்றொருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். நூல் 1990இல் வெளிவந்தது. கண்டதைச் சொல்வது நலம் தரும் என்று மருத்துவ நூல்கள் கற்பிக்கும் இடத்தில், சொன்னதன் விலை இப்படியும் இருந்தது. ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூலில் ஆங்காங்கே தென்படும் அடங்கிய குரலைக் குறையாகக் கூறும் திறனாய்வாளர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், வதையும் போரும் கடந்து வந்த அகதிகளிடம் பணியாற்றினார். அத்தகைய நாடுகளில் அடைக்கலம் கோருவோருக்கு மருத்துவரின் அறிக்கை தேவைப்படுகிறது. அந்த அறிக்கையில் பெருமூச்சு என்று எழுத முடியாது. கையேட்டில் உள்ள நோய்ப்பெயரைத்தான் எழுத வேண்டும். தாய்மொழி அறிந்த மருத்துவரும் அங்கே எழுதும்போது துபாசியாகிறார்.

நம் மலைக்கும் இது தொலைவான கதையன்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவர்களுள் பலர் நீலகிரிக்கு வந்தனர். அரசு தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே கோத்தகிரியிலும் கூடலூர்ப் பக்கத்திலும் விரிந்தன. இவர்கள் மலையகத்தார், யாழ்ப்பாணத்து நூல் இவர்களுடைய துன்பத்தை அதிகம் பேசவில்லை. அதனை எழுதப் பிறிதொருவர் வேண்டும்.

கடிதம் எழுதிய பெண்ணுக்கு யோசேப்பைப் பற்றியும் நம் மூதாட்டியைப் பற்றியும் எழுதினோம். நல்ல சமாரியனைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தோம்: அந்த அந்நியன் காயப்பட்டவனிடம் எதையும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை, சத்திரக்காரனிடம் மட்டுமே பேசுகிறான். அவர் பதில் எழுதினார். இனிமேல் துபாசியாக அழைத்தால் ஊதியத்திற்கு அமர்த்தப்படும் மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கச் சொல்வதாகவும், தாம் அமர்ந்தால் சிகிச்சையாளராகவே அமர்வதாகவும் மேலாளரிடம் சொல்லிவிட்டாராம். அவர்கள் இன்னும் இணங்கவில்லை. இதற்கிடையே தமிழ் பேசும் மூதாட்டி ஒருவர், மொழிபெயர்ப்பாளர் எதிரில் இருக்கும்போதே இவர் பக்கம் திரும்பித்தான் பேசுகிறாராம். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: ரிவர்ஸின் நூலில் உபதேசியார் சாமுவேலைப் பற்றி எத்தனை பக்கம் உண்டு? தொடக்கத்தில் ஒரு சிறு பகுதிதான் என்று எழுதி அனுப்பினோம்.