கழுகைப் பிடித்தவர் எங்கே?

பொதுத்தேர்வு நெருங்கும்போது நடக்கும் தன்னம்பிக்கை வகுப்புகளில், கோழிகளோடு வளர்ந்த கழுகின் கதையை அடிக்கடி கேட்கலாம். ஊரோடு ஒத்துப்போகாதே, உன் உயரம் வேறு என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான கதை கிடைப்பது அரிது. சோர்ந்திருக்கும் பிள்ளையை ஒரு நிமிடமாவது நிமிர வைக்கிறது. அந்தப் பலனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சொல்பவர்கள் கதையின் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதை உலகறியச் செய்தவர் ஜேம்ஸ் அக்ரி. இன்று கானாவாக இருக்கும் கோல்டு கோஸ்டில் 1875இல் பிறந்தவர், அமெரிக்காவில் படித்த கல்வியாளர். அவர் கதையில் கழுகு வழிதவறிக் கோழிகளிடம் வந்து சேரவில்லை. ஒருவர் காட்டில் அதைப் பிடித்துவந்து, கோழித் தீனி போட்டு வளர்க்கிறார். ஐந்து ஆண்டு கழித்து அங்கே வரும் இயற்கை ஆய்வாளர், இது கழுகாயிற்றே என்கிறார். கோழியாகப் பழக்கிவிட்டேன், இனிப் பறக்காது என்கிறார் வளர்த்தவர். ஆய்வாளர் கையில் ஏந்திப் பறக்கச் சொல்கிறார். கோழிகள் தீனி பொறுக்குவதைப் பார்த்ததும் அது கீழே குதித்துவிடுகிறது. வீட்டுக் கூரைமேல் கொண்டுபோய் விட்டபோதும் அப்படியே. மூன்றாம் முறை விடியலில் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோகிறார். அதன் உடல் நடுங்குகிறது; ஆனாலும் பறக்கவில்லை. சூரியனை நேருக்கு நேர் பார்க்க வைத்ததும் பறந்துவிடுகிறது.

அக்ரி இதை ஆப்பிரிக்க மக்களை விளித்து முடித்தார். அடிமைப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் முழுவதுமே கழுகு. அதில் கோழி என்று எவரும் இல்லை. பிடித்தவர் யார், தீனி போட்டவர் யார் என்பது கேட்டவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். அவரால் ஈர்க்கப்பட்ட இளைஞர்களில் ஒருவர், 1957இல் கானாவின் விடுதலையை அறிவித்த குவாமே நிக்ருமா.

நம் வகுப்பறைக்கு வரும் கதையில் பிடித்தவர் காணாமல் போகிறார். ஒரு முட்டை எப்படியோ கோழியின் அடைக்குள் வந்துவிடுகிறது. பறக்காதது கழுகின் அறியாமை, அவ்வளவுதான். ஆய்வகம் இல்லாத பள்ளியில் படிக்கும் மாணவியிடம் இதைச் சொன்னால், தடை உன் மனத்தில்தான் இருக்கிறது என்றே அவளுக்குக் கேட்கும். தனக்குக் கிடைக்காமல் போனதற்கும் அவளே பொறுப்பாளி ஆகிவிடுகிறாள்.

என்னை இன்னும் அதிகம் உறுத்துவது வேறொன்று. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நீ கழுகு என்று சொன்னால், மிச்சப் பேரில் கோழி யார்? கதைப்படி கழுகு பிறப்பிலேயே கழுகு. கோழி என்ன முயன்றாலும் கோழிதான். பிறப்பை வைத்து மனிதரை அளந்து வந்த சமூகத்தில், விடுதலைக் கதை என்ற பெயரில் இதைப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அடைகாத்து வளர்த்த கோழிக்கு அதில் ஏளனம் மட்டுமே மிஞ்சுகிறது.

அக்ரி சொன்ன வடிவத்திலும் ஒரு குறை உண்டு. ஐந்து ஆண்டு தரையில் நடந்த பறவை ஒரே காலையில் வானேறிவிடுகிறது. நிஜத்தில் அடைபட்டிருந்த கழுகை விடுவிக்குமுன், பெரிய கூண்டுகளில் பறக்கவிட்டு அதன் இறக்கைத் தசைகளை வலுவாக்குகிறார்கள். பயிற்சி என்ற அந்த நீண்ட வேலை கதையில் இல்லை. அக்ரியின் வாழ்க்கையில் அது இருந்தது. தாய்நாடு திரும்பி அச்சிமோட்டா கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அங்கே ஆண்களோடு பெண்களும் படிக்க வேண்டும் என்று வாதாடி, அதை ஏற்கவும் வைத்தார்.