வலுதூக்குதலில் துணையுடைகளும் போட்டி நியாயமும்

ஸ்குவாட் எனப்படும் அமர்ந்தெழுதல், பெஞ்ச் பிரஸ் எனப்படும் மல்லாந்து தூக்குதல், டெட்லிஃப்ட் எனப்படும் தரையிலிருந்து தூக்குதல் ஆகிய மூன்றிலும் தலா மூன்று வாய்ப்புகள் வழங்கி, ஒவ்வொன்றிலும் கிட்டிய மிகச் சிறந்த எடையைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் விளையாட்டே வலுதூக்குதல். ஒலிம்பிக்கில் இடம்பெறும் பளுதூக்குதலில் வேகத்துக்கும் லாகவத்துக்கும் பெரும்பங்கு உண்டு. வலுதூக்குதலிலோ தசையின் வலுவே முதன்மையானது என்பது இதன் பெருமையாகச் சொல்லப்படுவதால், அந்த வலுவுக்கு வெளியிலிருந்து எதுவும் துணை வரலாமா என்ற கேள்வி இவ்விளையாட்டின் அடித்தளத்தையே தொடுகிறது.

சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பான ஐ.பி.எஃப். 1972இல் தோன்றியபோது, இடுப்புப் பெல்ட்டும் முழங்காலில் சுற்றும் பட்டைகளும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. முழங்காலின் பின்புறம் டென்னிஸ் பந்தை வைத்துக் கட்டிக்கொண்டு அமர்ந்தெழுந்தவர்களைப் பற்றிய கதைகள் அக்காலத்தைச் சேர்ந்தவை. மூட்டுக்குப் பாதுகாப்பு, எடைக்கு உதவி என்ற இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்பதில் தொடக்கம் முதலே தெளிவு இருந்ததில்லை என்பதற்கு அவையே சான்று. 1970களின் பிற்பகுதியில் இறுக்கமான செயற்கை இழை ஸ்குவாட் சூட் பரவியது. 1980களில் அமெரிக்கரான ஜான் இன்சரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பெஞ்ச் ஷர்ட் வந்தது. அதுவரை மூட்டைக் காக்கும் பொருளாக எண்ணப்பட்ட துணையுடை, அதன்பிறகு எடையைக் கூட்டும் கருவியாகிவிட்டது.

இந்த உடைகள் வேலை செய்யும் விதத்தை அறியாமல் நியாயம் பேச இயலாது. பெஞ்ச் ஷர்ட்டின் கைகள் முன்னோக்கித் தைக்கப்பட்டிருப்பதால், பார் மார்பை நோக்கி இறங்க இறங்கத் துணி விறைத்து இழுபட்டு விசையைச் சேமிக்கிறது. பார் மார்பில் அசையாமல் நின்று, நடுவர் கட்டளை தந்தபின் மேலெழும்போது அந்த விசை திரும்பக் கிடைக்கிறது. மார்பை ஒட்டிய நிலையில் உதவி மிகுதி, கைகள் நீளும் நிலையில் அநேகமாக இல்லை. ஆகவே துணையுடை அணியும் உடைப்பிரிவின் வீரர்கள் மேல்கையின் பின்தசையைப் பெரிதும் வளர்க்கிறார்கள். உடை எடுத்த வலுவையே திருப்பித் தருகிறது, புதிதாக எதையும் படைப்பதில்லை என்று ஆதரவாளர்கள் கூறுவதுண்டு. இயற்பியலின்படி அது சரியே. ஆனால் அங்கே சேமிக்கப்படுவது இறங்கும் பாரத்தின் ஆற்றல். ஷர்ட் இல்லாதவரின் தசை அதைத் தாங்கி வீணாக்கிவிட்டு, மேலேற்றப் புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

டெட்லிஃப்ட் இதற்கு நேரெதிர். அது தரையில் தொடங்குவதால், துணியை இழுத்து நிறுத்தும் இறக்கம் முதலில் இல்லை. ஆண்டி போல்டன் 2009இல் சூட் அணிந்து 457.5 கிலோவைத் தூக்கினார். இரண்டே ஆண்டுகளில், பெனடிக்ட் மாக்னுசன் சூட் இல்லாமலே 460 கிலோவைக் கடந்தார். பெஞ்ச் பிரஸ்ஸிலோ, ஜூலியஸ் மேடாக்ஸ் 2021இல் ஷர்ட் இல்லாமல் 355 கிலோ தூக்க, ஜிம்மி கோல்ப் 2023இல் ஷர்ட்டுடன் 635 கிலோவை எட்டினார். மூன்று தூக்கல்களில் ஒன்றில் உடை ஏறக்குறைய ஒன்றும் செய்யாமலும் மற்றொன்றில் ஆளையே விஞ்சுமளவுக்கும் உதவுகிறது என்றால், கூட்டுத்தொகையில் மூன்றும் சமப் பங்கு பெறுகின்றன என்ற எண்ணமே உடைப்பிரிவில் ஆட்டம் காண்கிறது.

துணையுடை குறித்து இன்று பல மரபுகள் நிலவுகின்றன. ஐ.பி.எஃப்.பின் உடைப்பிரிவில் ஒற்றை அடுக்குத் துணியாலான சூட்டும் ஷர்ட்டும், 2 மீட்டர் நீளத்துக்கு மிகாத முழங்கால் சுற்றுப்பட்டையும் ஏற்கப்படும். எர்னி ஃபிரான்ட்ஸ் 1982இல் நிறுவிய ஏ.பி.எஃப். போன்ற அமைப்புகளின் வழி வந்தது பல அடுக்கு மரபு. இதில் கான்வாஸ் சூட்டும், வீரர் பாரை ஏந்தியபின் கொக்கிகள் விலகிக்கொள்ளும் மோனோலிஃப்ட் எனும் தாங்கியும் உண்டு. மூன்றாவது, உடையற்ற மரபு. அமெரிக்காவின் யு.எஸ்.ஏ.பி.எல். 2008இல் இதற்கெனத் தனித் தேசியப் போட்டியைத் தொடங்கியது, ஐ.பி.எஃப். இதைக் ‘கிளாசிக்’ என்ற பெயரில் ஏற்று, 2013இல் ரஷ்யாவின் சுஸ்தல் நகரில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. கிளாசிக் பிரிவில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு மிகாத பெல்ட், மணிக்கட்டுப் பட்டை, 7 மில்லிமீட்டர் தடிப்புக்கு உட்பட்ட முழங்கால் உறை ஆகியவை மட்டுமே துணை.

உடைப்பிரிவை ஏமாற்று என்று ஒதுக்குவோர் ஒன்றை மறக்கிறார்கள்: ஒரே பிரிவில் எல்லோரும் ஒரே விதிக்கு உட்பட்டு ஒரே வகை உடையை அணியும்போது அதில் ஏமாற்று என்பதற்கு இடமில்லை. ஷர்ட்டைக் கையாளுவதும் எளிய திறன் அன்று. நன்கு இறுகிய ஷர்ட்டில் குறைந்த எடையோடு பார் மார்பைத் தொடுவதே இல்லை. ஆதலால் முதல் வாய்ப்பையே பெரும் எடையில் தொடங்க நேர்ந்து, மூன்றும் தவறிப் போட்டியிலிருந்தே வெளியேறும் ஆபத்து இப்பிரிவில் மிகுதி. ஆயினும் வேறு குறைகள் உள்ளன. உடையின் விலையும், அதை மாட்டிவிடவும் கழற்றவும் தேர்ந்த உதவியாளர் வேண்டியிருப்பதும், வசதியற்ற ஊர்களின் வீரர்களைப் பின்தள்ளுகின்றன; ஐ.பி.எஃப். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பொருள்களே செல்லும் என்ற விதி, அளவுச் சோதனையை எளிதாக்கினாலும் விலையை இறங்கவிடுவதில்லை.

உடை களைந்ததும் வழக்கு ஓய்ந்தது என்றும் கொள்வதற்கில்லை. முழங்கால் உறை ஒரு காலத்தில் மூட்டைச் சூடாக வைக்கும் மென்மையான பொருளாக இருந்தது. இப்போது விறைப்பான உறைகளைத் தம் அளவுக்குச் சிறிதாக வாங்கி, இருவர் துணையோடு ஏற்றிக்கொள்பவர் உண்டு. சில அமைப்புகள் சுற்றுப்பட்டையையும் உடையற்ற பிரிவிலேயே அனுமதிப்பதால், ‘உடையின்றித் தூக்கிய எடை’ என்ற ஒரே பெயரின் கீழ் இருவேறு நிலைகள் கலந்துவிடுகின்றன. பெஞ்சில் முதுகை மிகையாக வளைத்துப் பாரின் பயணத்தைச் சில விரற்கடையாகக் குறைத்துக்கொள்ளும் முறைக்கு எதிராக, முழங்கை தோள்மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்ற விதியை ஐ.பி.எஃப். 2023 முதல் கொண்டுவந்ததும் கிளாசிக் பிரிவின் புகழ் பெருகிய பின்னரே. துணியை அளந்த கண்கள் பிறகு உடலையும் அளக்கத் தொடங்கின.

எல்லா மரபுகளிலும் பொதுவான அளவுகோல் நடுவர் மூவரின் விளக்குகளே; இரண்டு வெள்ளை விளக்குகள் எரிந்தால் தூக்கல் செல்லும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பரப்புக்குக் கீழே இறங்க வேண்டும் என்ற விதி தளர்ந்தால், உடைதரித்தவரே அதிகப் பயன் பெறுகிறார். ஏனெனில் விறைத்த சூட்டில் கடைசிச் சில அங்குல இறக்கமே மிகக் கடினமானது. பல அடுக்கு மரபின் மீது நெடுநாளாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு துணியைவிட இந்தத் தளர்ச்சியைப் பற்றியதே, அது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று.

ஆகவே ஒற்றை அடுக்குப் பிரிவு, அளவுச் சோதனையும் ஆழச் சோதனையும் கண்டிப்பாக நடக்கும்வரை நியாயமான போட்டியே. பல அடுக்கு உடையில் தூக்கும் பெஞ்ச் பிரஸ் தனி விளையாட்டாகவே எண்ணத்தக்கது. சாதனைப் பட்டியல் தொகுப்போர் எடைக்கு அருகில் பிரிவையும், முழங்காலில் இருந்தது உறையா சுற்றுப்பட்டையா என்பதையும் தவறாது குறிக்க வேண்டும்.