சோதனைப் பதிப்பில் நம்ம பாட்டைப் போட்டுப் பாருங்கள்

ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குப் பாட்டு தயாரிக்கும்போது, 'பள்ளிக்கு இசை மென்பொருள் ஒண்ணு வாங்கிடலாமா?' என்ற கேள்வி உங்கள் துறையிலும் எழும். வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? அதனுடன் வரும் மாதிரிப் பாட்டை ஓடவிட்டு, 'ஆகா, பியானோ அருமையா கேக்குதே' என்று திருப்தி அடைந்துவிடுகிறோம். மாதிரிப் பாட்டு அந்த மென்பொருளுக்கு எது சுலபமோ அதை வைத்துச் செய்தது. நான்கு எண்ணிக்கைத் தாளம், நேரான சுரங்கள், இருந்தால் ஆங்கில வரிகள். அதில் தமிழ்ப் பாட்டு என்ன பாடுபடும் என்பதை அது நமக்குச் சொல்லாது.

அதனால் நான் சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு துவாஸ் பாட்டு. அங்குள்ள கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் எழுதி, கைத்தொலைபேசியில் பாடி அனுப்பியது. எட்டே வரி. மீன் சேர்வதற்காக மீனவர்கள் கடலில் தென்னை ஓலையை மிதக்கவிட்ட காலத்தில் தொடங்கி (துவாஸ் என்ற பெயரே அந்த மலாய் வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள்), 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகளில் முடிகிறது. இதைத் தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு பொருள் தேவை: வரியும் சுரமும் உள்ள ஒரு தாள், கூடவே பாட ஓர் ஒலிக்கோப்பு. இந்த இரண்டையும் ஒழுங்காகத் தருகிறதா என்பதுதான் என் அளவுகோல். முந்நூறு வாத்தியம் இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமில்லை.

முதலில் 'சோதனை' என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு வேறு வேறு பொருள் வைத்திருக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்புக்கு நாள் கெடு கிடையாது. எல்லா வசதியும் திறந்திருக்கும், பாட்டை ஒலிக்கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் சேமித்த வேலையை மறுபடி திறக்க வேண்டுமென்றால் காசு கட்டியிருக்க வேண்டும். அதாவது, ஒரே உட்காரலில் முடித்தால் உண்டு. பாடவேளைக்கு நடுவே பத்து பத்து நிமிடமாக வேலை பார்க்கிற நமக்கு இது ஒத்துவராது. ரீப்பர் அப்படியல்ல: 60 நாள், எதையும் மறைக்காமல் முழுசாகக் கொடுக்கிறது. அறுபது நாள் கழிந்தும் பூட்டிக்கொள்ளாது, நினைவூட்டுவதோடு சரி. (அதற்காகச் சும்மாவே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம்.) மியூஸ்ஸ்கோர் சோதனைப் பதிப்பே இல்லை, முழுக்க இலவசம், திறந்த மூலநிரல். அதை முதலில் பார்த்துவிட்டு, அது எதைச் செய்யவில்லையோ அதற்கு மட்டும் காசு தேடுங்கள்.

இனி தமிழுக்கு வருவோம். இசைக்குறிப்பு மென்பொருளில் சுரத்துக்குக் கீழே வரிகளைத் தட்டும்போது, சொல்லுக்குள் ஒரு பகுதியிலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகச் சிறுகோடு போடுவோம். 'அம்மா' என்பதை அம்-மா என்று பிரிக்க வேண்டும். ம் என்ற புள்ளி எழுத்துக்குத் தனிச் சுரம் கொடுத்தால் பிள்ளை அதை 'மு' என்றுதான் பாடும். இதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது, நாம்தான் பிரிக்க வேண்டும். யாப்பில் நாம் சொல்லித்தரும் நேரசை நிரையசைப் பிரிப்பும் இங்கே உதவாது. 'அலை' யாப்பில் ஒரே நிரையசை, பாடும்போது இரண்டு துண்டு. மென்பொருளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது எழுத்தைச் சிதைக்காமல் காட்டுவது மட்டும். கொக்கு, யாழ், பௌர்ணமி, ஸ்ரீ ஆகிய நான்கையும் தட்டிப் பாருங்கள். கொ-வின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கிறதா, புள்ளி வட்டம் முளைக்கிறதா? திரையில் சரியாகத் தெரிந்தால் அதோடு நிற்காதீர்கள். பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியில் திறந்து, அச்சடித்தும் பாருங்கள். திரையில் சரியாக நின்ற தமிழ் அச்சில் வெறும் கட்டங்களாக வருவதுண்டு. எழுத்துருவை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாற்றவே விடாத மென்பொருளை அந்த இடத்திலேயே தள்ளிவிடலாம்.

எழுத்தைவிடப் பெரிய ஆபத்து கால அளவில் இருக்கிறது. பாடிப் பதிந்ததை மென்பொருள் தாளக் கட்டங்களுக்குள் தானாக நேராக்கிவிடும். குவாண்டைஸ் என்று பொத்தானே உண்டு. அண்ணன் பாட்டில் 'அலை' என்று ஒரு சொல் வருகிறது. அந்த 'அ' ஒரு துளி நேரம்தான் நிற்க வேண்டும். ஒரு சோதனைப் பதிப்பில் பொத்தானை அழுத்தியதும் அது ஒரு முழு எண்ணிக்கைக்கு நீண்டுவிட்டது. அதைக் கேட்டுப் பாடினால் 'அலை' ஆலையாகிவிடும். துவாஸில் அலையும் உண்டு, ஆலையும் உண்டு என்பதால் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வராது! குறில் நெடிலை வகுப்பில் ஒரு தவணை முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாட்டில் அதைத் தொலைப்பதா? ஆகவே நேராக்கும் அளவைக் குறைக்க முடிகிறதா, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நிறுத்த முடிகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். ரீப்பரில் முடிகிறது.

தாளமும் அப்படித்தான். இந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமி. 7/8 என்று போடப் பல மென்பொருள்கள் விடும். ஆனால் மெட்ரோனோம் ஏழையும் ஒரே மாதிரி டக் டக்கென்று அடித்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. மூன்று, நான்கு என்று பிரித்து அழுத்தம் கொடுக்க முடிய வேண்டும். கமகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிடி வாத்தியத்தில் சுரத்தை வளைக்க வழி உண்டு, பொதுவான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வரை. மோகனத்தில் நேராக அமைந்த குழந்தைப் பாட்டுக்கு அந்த வளைவே தேவைப்படாது. தெம்மாங்கு இழுப்பை அப்படி வளைத்துச் செய்ய ஒரு சாயங்காலம் போய்விடும், அப்படியும் அது அண்ணன் குரல் ஆகாது. குரலையே பதிவு செய்துவிடுவது மேல்.

என்னைக் கேட்டால், தாளுக்கு மியூஸ்ஸ்கோர், குரல் பதிவுக்கு ரீப்பர் போதும். ரீப்பரின் குறைந்த கட்டண உரிமம் 60 அமெரிக்க டாலர், அது கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். சிபெலியஸ், டோரிகோ இரண்டும் ஆற்றல் மிக்கவைதான், ஆனால் எட்டு வரிப் பாட்டுக்கு வாத்தியக் குழு மென்பொருள் எதற்கு? உங்கள் பள்ளி இசைக்குழுவிடம் ஏற்கெனவே இருந்தால் ஒரு நாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாணவர்களே கணினியில் இசையமைக்கப் போகிறார்கள் என்றால் கதை வேறு. உயர்நிலைப் பள்ளிகளில் சிலவற்றில் ஐபேட், சிலவற்றில் குரோம்புக். விண்டோஸில் நிறுவும் மென்பொருளை அவற்றில் அப்படியே போட முடியாது. அங்கே உலாவியில் இயங்கும் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

சோதனைக் காலம் முடியும் முன் இன்னொரு வேலை பாக்கி. பாட்டை மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். 1988-இல் வந்த ஃபினாலே, உலகமெங்கும் இசை ஆசிரியர்கள் நம்பியிருந்த மென்பொருள். 2024 ஆகஸ்ட் 26 அன்று அதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. பல ஆண்டு வேலையை அதில் வைத்திருந்தவர்கள் தங்கள் கோப்புகளை இந்தப் பொது வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நம் பாட்டை மாற்றித் திறந்தபோது சுரமெல்லாம் பத்திரமாக வந்தது, தமிழ் வரிகளும் வந்தன. இரண்டு இடத்தில் சிறுகோடு மட்டும் காணாமல் போயிருந்தது, கையால் போட்டுக்கொண்டேன். அண்ணனின் மூலப் பதிவைத் தனியாக ஒரு டபிள்யுஏவி கோப்பாக வைத்திருக்கிறேன். அதைத் திறக்க எந்த உரிமமும் தேவையில்லை.