கட்டுமரத்துக்கு உள் ஏது?

"மீனவன் கட்டுமரத்துக்குள் இறங்கித் தேங்கிய தண்ணீரை இறைத்தான்." இப்படி ஒரு வாக்கியம் கதையில் வந்தால் மாத்தூர் வாசகர் சிரிப்பார், சற்றுக் கிழக்கே, திருவொற்றியூர்க் கரையில் இருப்பவரோ புத்தகத்தையே மூடிவிடுவார். மரங்களைக் கயிற்றால் பிணைத்தது கட்டுமரம். அதற்கு உள் ஏது? ஏறிய அலை இடுக்கு வழியே வடிந்துவிடும். 'இறைத்தான்' என்ற வினையே 'படகு' என்ற சொல்லைக் கேட்கிறது. அகராதியைவிடப் பக்கத்துச் சொல்லே இங்கே நல்ல வழிகாட்டி.

காலமும் ஒரு சாட்சிதான். துறைமுகம் எழுமுன் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரரைக் கரைசேர்க்க மசூலாப் படகு வேண்டும். ஆணியின்றித் தைத்த அதன் பலகைகள் அலையடிக்கு வளைந்துகொடுக்கும். 2004 சுனாமிக்குப் பிந்திய கதையென்றால் பெரும்பாலும் ஃபைபர் படகு.

ஆங்கிலேயர் 'கட்டுமரம்' என்ற சொல்லைக் கொண்டுபோய் இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். போகட்டும், அவர்கள் தூரத்திலிருப்பவர்கள். நம் கதாசிரியருக்குக் காசிமேட்டுக்குப் பஸ் இருக்கிறதே!