கறுப்பு மணலில் தெரியும் கெட்டித்தனம்

பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கடதாசியில் சுற்றிக்கொள்ளுங்கள். திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில், மணலோடு இழுத்துப் பாருங்கள். நாலு முழம் போவதற்குள் கடதாசிக்குக் கறுப்பு மீசை முளைத்துவிடும். கிரிக்கெட் எழுதுகிறவர்கள் ஆட்டம் தொடங்குமுன் ஆடுகளத்தைக் குனிந்து பார்ப்பார்கள். மெட்டல் டிடெக்டர் பற்றி எழுதுகிறவனுக்கு இந்தக் கறுப்புத் தூள்தான் ஆடுகளம்.

புதிய ஆரம்பநிலைக் கருவிகளை அலசும் காணொளிகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் உழுத வயலிலோ, அமெரிக்கப் பூங்காவின் புல்தரையிலோ எடுக்கப்படுகின்றன. "இத்தனை அங்குலம் ஆழத்தில் நாணயம்" என்ற பெருமையெல்லாம் தட்டையான ஆடுகளத்தில் அடித்த சதம். திருகோணமலைக் கரையில் அதே கருவி முதல் ஓவரிலேயே தடுமாறலாம்.

இங்கே இரண்டு முனையிலிருந்தும் பந்து சுழல்கிறது. ஒரு முனையில் உப்பு ஈரம், மறுமுனையில் இல்மனைட் கனிமம் கலந்த கறுப்பு மணல். கருவியின் தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திசைமாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதன் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் இரும்பா, செம்பா என்று கருவி கணிக்கிறது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மெல்லிய உலோகத் தகடுபோல அது பதில் சொல்லும். கறுப்பு மணலோ காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்து வேறு பதில் சொல்லும். ஒற்றை அலைவரிசைக் கருவியை இந்த இரண்டில் ஒன்றுக்குப் பழக்கி அமைதிப்படுத்தலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் அது கத்தத் தொடங்கிவிடும்.

இந்த விளையாட்டின் பழைய பெரிய தோல்வி ஒன்றிலும் இரைச்சலுக்குப் பங்கு உண்டு. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, அலெக்சாண்டர் கிரகம் பெல் ஒரு கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த உலோகச் சுருள்கள் குழப்பியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எதைக் கேட்க வேண்டும் என்பதைவிட, எதைக் கேட்காமல் விட வேண்டும் என்பதே அன்றும் இன்றும் கருவிக்கு வைக்கப்படும் பரீட்சை.

அதனால், புதுமை என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதில் முக்கால்வாசியை நான் கணக்கில் எடுப்பதில்லை. வண்ணத்திரை, புளூடூத் காதொலிப்பான், அதிரும் கைப்பிடி எல்லாம் சீருடை அலங்காரம். உண்மையான மாற்றம் ஒன்றே ஒன்று. பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, ஒவ்வொன்றிலும் உப்பும் மணலும் சொல்லும் பதிலை ஒப்பிட்டுக் கழிக்கும் உத்தி அது. மைன்லாப், ஃபிஷர் நிறுவனங்கள் 1990களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தன, ஆனால் விலையுயர்ந்த கருவிகளில் மட்டும். 2019இல் வந்த மைன்லாபின் வான்குவிஷ் 340 அதைச் சுமார் 200 டொலருக்கு இறக்கியது. துருக்கியின் நொக்டா நிறுவனம் 2024இல் அதே உத்தியோடு ஸ்கோர் வரிசையைக் கொண்டுவந்தது. மேல்தட்டு வீரர்களின் அடி, கீழ்ப்பிரிவு அணிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் வெளிநாட்டு மதிப்பெண்ணை அப்படியே நம் ஊருக்கு எடுக்க முடியாது. மூன்று இடங்களில் கணக்கு மாறும்.

முதலாவது, கடல். நமது வற்று பெருக்கு ஒரு மீற்றரையும் தொடாது. கடல் வற்றினால் பரந்த ஈரத்திடல் விரியும் கரைகளில் காலை முழுக்க உலாவலாம். இங்கே ஈர மணல் ஒரு குறுகிய பட்டிதான். குளிக்கிறவர் தொலைத்த மோதிரம் முழங்கால் தண்ணீரில் கிடக்கும். வான்குவிஷ் 340இன் தட்டு நனையலாம், திரைப்பெட்டி நனையக்கூடாது. ஒரு குறும்பு அலை போதும், ஆட்டமிழப்புத்தான். ஸ்கோரும், ஒற்றை அலைவரிசைக் கருவிகளான மைன்லாபின் எக்ஸ்-டெரா புரோ, நொக்டாவின் சிம்ப்ளெக்ஸ் அல்ட்ரா இரண்டும் 5 மீற்றர் ஆழம் வரை தாங்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன.

இரண்டாவது, சில்லறை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் புதிய பத்து ரூபாய்க் குற்றியில் அந்தக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். நம் இன்றைய நாணயங்களில் பெரும்பாலானவை உருக்கு, அல்லது உருக்கின்மேல் முலாம். இரும்பைத் தள்ளிவிடும் அமைப்பில் கருவியை வைத்தால், அது ஆணியோடு சேர்த்து நாணயத்தையும் தள்ளிவிடக்கூடும்.

மூன்றாவது, குப்பை. சோடாப் போத்தல் மூடி உருக்கு, பானக் குவளையின் இழுவளையம் அலுமினியம். மெல்லிய தங்க மோதிரமும் அந்த இழுவளையமும் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். எந்த விலைக் கருவியும் இதை முற்றாகத் தீர்த்ததில்லை. தோண்டிப் பார்க்கும் பொறுமை கருவியோடு விற்பனைக்கு வருவதில்லை.

இனித் தீர்ப்பு. உலர்ந்த மணலுக்கும் வீட்டு வளவுக்கும் எக்ஸ்-டெரா புரோ தாராளம். 5, 8, 10, 15 கிலோஹேர்ட்ஸ் என்று அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதி, பழகுகிறவருக்கு நல்ல பள்ளிக்கூடம். 15இல் மட்டும் இயங்கும் சிம்ப்ளெக்ஸ் அல்ட்ரா எளிது, உறுதி, ஆனால் ஈரக் கறுப்பு மணலில் இரண்டுமே உணர்திறனைக் குறைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். பல அலைவரிசையும் நீர்த்தாங்கலும் ஒன்றாக வேண்டுமென்றால், ஏட்டுக் கணக்கில் திருகோணமலைக்கு ஸ்கோர்தான் முதல் இடம்.

இந்த மாவட்டம் கருவிக்காரர்களுக்குச் சொல்லும் பணிவுப் பாடம் ஒன்றும் உண்டு. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் மிதிவெடி அகற்றியவர்கள், உலோகம் மிகக் குறைந்த வெடிகளும் ஏராளமான இரும்புத் துண்டுகளும் கலந்து கிடந்த நிலங்களில் கருவியை ஓரம் வைத்துவிட்டு, நீண்ட பிடி போட்ட விறாண்டியால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுத்தார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் 1950இல் வெளிவந்ததும் கிணறு வெட்டியவர்களின் மண்வெட்டியில்தான். இன்று அப்படி எதையாவது தேடி யாரும் தட்டை ஆட்டக்கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொல்பொருளுக்காக அகழ்வது குற்றம். துருப்பிடித்த உருளையோ பெட்டியோ அகப்பட்டால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். எதிர்த்து ஆடக்கூடாத பந்தும் உண்டு.

மற்றபடி கருவியைக் காசு கொடுத்து வாங்குமுன் ஒரு பரீட்சை வையுங்கள். மோதிரத்தை நூலில் கட்டி, நூலின் மறுமுனையை ஒரு குச்சியில் முடிந்து, ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். பத்து அடி தள்ளி நின்று தட்டை ஆட்டியபடி மோதிரத்தை நோக்கி நடந்து வாருங்கள். மோதிரத்தில் அது ஒலிக்கிறதா என்பது ஒரு மதிப்பெண். அதற்கு முந்திய பத்து அடியில் அது வாயை மூடிக்கொண்டு வந்ததா என்பது ஒன்பது. நூலை மட்டும் மறந்துவிடாதீர்கள்.