கூடுவதற்கான உரிமை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பால்புதுமையினர் மாநாடுகள்

பால்புதுமையினர் பற்றிய படிப்பு இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்ற ஒரு துறை. அதற்கெனப் பாடத்திட்டமும் ஆய்விதழ்களும் ஆவணக் காப்பகங்களும் பேராசிரியர் பதவிகளும் உண்டு. மற்றத் துறைகளில் ஆய்வு முதலில் வளரும். ஆய்வாளர்கள் பெருகிய பிறகு மாநாடு கூட்டுவார்கள். இத்துறையில் அந்த வரிசை மாறியிருந்தது. ஆட்கள் முதலில் கூடினார்கள், கூடியதால் ஆய்வு பிறந்தது. கூடுவதையே குற்றத்துக்கு உடந்தையாகக் கருதிய காலத்தில் தொடங்கிய வரலாறு இது. ஆகவே அடையாளம், சமூகம், உரிமைப் போராட்டம் என்ற மூன்றையும் இதில் தனித்தனியே பிரித்துப் பேச இயலாது.

பால்புதுமையினரின் முதல் மாணவர் அமைப்பு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவானது. ஸ்டீபன் டொனால்ட்சன் என்ற புனைபெயரில் இயங்கிய மாணவர் ஒருவர் 1966இல் அதைத் தொடங்கினார். பதிவு பெற வேண்டுமானால் உறுப்பினர் பெயர்ப்பட்டியல் தர வேண்டும் என்றது நிர்வாகம். அன்று இல்லினாய் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் தன்பாலினத்தவர் உறவு தண்டனைக்குரிய குற்றம். பெயர் வெளியே தெரிந்தால் படிப்புக்கு ஆபத்து, பின்னால் வேலைக்கும் ஆபத்து. வளாகத்தில் பெயர்பெற்ற மாணவர் தலைவர்கள் சிலர் பெயரளவு உறுப்பினர்களாகச் சேர முன்வந்தார்கள். முட்டுக்கட்டை நீங்கியது, 1967 ஏப்ரலில் அமைப்பு பதிவானது. மே 3ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் அச்செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. பல்கலைக்கழகத்துக்குக் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. இயக்கத்தின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படும் ஸ்டோன்வால் விடுதிக் கலவரம் காவல்துறைக்கு எதிராக மூண்டது 1969 ஜூனில். மாணவர்கள் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியவர்கள். இதை வரலாற்று நூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் மாற்றம் விரைந்து வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் லூயி கிராம்ப்டன் 1970இல் தன்பாலீர்ப்பு பற்றிய பாடம் ஒன்றை நடத்தினார்; மாநிலச் சட்டமன்றம் வரை சர்ச்சை போயிற்று. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1971இல் இம்மாணவர்களுக்கென ஊழியர்களுடன் ஓர் அலுவலகம் திறந்தது. நாட்டில் அதுவே முதலாவது. அதே ஆண்டில் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர்கள், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஜாக் பேக்கரை மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் துணைவர் மைக்கேல் மெக்கானலும் அதற்கு முந்தைய ஆண்டு திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். அதன் விளைவாக, மெக்கானலுக்கு அப்பல்கலைக்கழக நூலகத்தில் தருவதாக இருந்த வேலை பறிபோனது. நிர்வாகம் 2012இல் மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு எதையும் திருப்பித் தந்துவிடாது. நடந்தது அநீதி என்று பதிவாவதற்காவது அது பயன்பட்டது.

துறையின் பிறப்பு என்று ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால் 1973 நவம்பரில் நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியில் நடந்த இரண்டு நாள் மாநாட்டைத்தான் குறிக்க வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், எழுத்தாளர்கள் சிலர் வீடுகளில் கூடிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். கே அகாடமிக் யூனியன் என்ற சங்கமாக அது வளர்ந்தது. வரலாற்றாசிரியர் மார்ட்டின் டூபர்மன், கொலம்பியாவில் ஆய்வு மாணவராக இருந்த ஜான் டிஎமிலியோ, பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஜொனதன் நெட் காட்ஸ், ஆசிரியை ஜோன் நெஸில் ஆகியோர் அதில் இருந்தார்கள். பல்கலைக்கழகமும் தன்பாலீர்ப்பு வாழ்வும் என்பது அச்சங்கம் கூட்டிய அந்த மாநாட்டின் பொருள். முந்நூறு பேர் அளவில் வந்தார்கள். அவர்களில் பலர் தம் கல்லூரியில் தாம் ஒருவரே என்று எண்ணியிருந்தவர்கள்.

அந்த அறையில் அப்போது நூல் என்று சொல்ல அதிகம் இல்லை, கேள்விகள்தான் இருந்தன. அமெரிக்க வரலாற்றில் இம்மக்கள் எங்கே? காவல்துறைக் குறிப்பிலும் மனநோய் மருத்துவ ஏட்டிலும் மட்டும்தானா? காட்ஸ் 1976இல் வெளியிட்ட பெரும் ஆவணத் தொகுப்பும், டிஎமிலியோவின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து 1983இல் வந்த நூலும் அக்கேள்விகளுக்கு விடை தேடிப் பிறந்தவை. டிஎமிலியோ முன்வைத்த வாதம் இன்றும் வகுப்புகளில் விவாதிக்கப்படுகிறது. குடும்ப நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள் கூலி வேலைக்கு நகரம் வந்தபோதுதான் தன்பாலீர்ப்பை ஒரு வாழ்க்கையாக அமைத்துக்கொள்ள வழி கிடைத்தது. ஆசை பழையது, அடையாளமும் சமூகமும் புதியவை என்பது அதன் சாரம்.

சங்கத்துக்குள் பிணக்கும் விரைவிலேயே வந்தது. பேச்சிலும் முடிவிலும் ஆண்களே மேலோங்கி நிற்பதாகப் பெண்கள் குற்றம் சாட்டினார்கள், குற்றச்சாட்டு நியாயமானது. அவர்களில் சிலர் சேர்ந்து 1974இல் தன்பாலீர்ப்புப் பெண்களுக்கான ஆவணக் காப்பகத்தை உருவாக்கினார்கள். ஜோன் நெஸிலின் மன்ஹாட்டன் குடியிருப்பிலேயே பல ஆண்டுகள் அது இயங்கியது. கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம், துண்டறிக்கை என்று எந்த நூலகமும் கேட்டு வாங்காதவற்றை அவர்கள் சேர்த்தார்கள். பிறகு வந்த ஆய்வாளர்களுக்கு அந்த வீடே மூலநூலகம் ஆயிற்று.

ஜான் ஜே மாநாடு முடிந்து சில வாரங்களில், 1973 டிசம்பரில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதுவும் ஒரு மாநாட்டு மேடையிலிருந்து தொடங்கிய மாற்றமே. அச்சங்கத்தின் 1972ஆம் ஆண்டு டல்லாஸ் மாநாட்டில் ஜான் ஃப்ரையர் என்ற மருத்துவர் முகமூடி அணிந்து, குரலை மாற்றும் ஒலிவாங்கி வழியே, தாம் தன்பாலீர்ப்பாளர் என்று சக மருத்துவர்களிடம் பேசினார். பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

வளாகங்களில் கூடும் உரிமை நீதிமன்றங்களில் ஒவ்வொரு மாநிலமாக வென்றெடுக்கப்பட்டது. பிடிக்காத கருத்து என்பதற்காக மாணவர் அமைப்புக்கு அரசுக் கல்லூரி அங்கீகாரம் மறுக்கக் கூடாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் தன்பாலீர்ப்பு மாணவர்கள் 1973 நவம்பரில் ஒரு நடன மாலை நடத்தியபோது மாநில ஆளுநர் கொதித்தெழுந்தார். நிர்வாகம் அவர்களின் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்டது. சேர்ந்து ஆடுவதும் பேசுவதும்கூடக் கருத்துரிமையின் பகுதி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. மிசௌரி பல்கலைக்கழக வழக்கிலும் மாணவர்களே வென்றார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்தபோது நீதிபதி ரென்குவிஸ்ட் மாறுபட்டு எழுதிய குறிப்பில், தட்டம்மை கண்டவர்கள் தனிமைப்படுத்தலை மீறிக் கூடும் உரிமையோடு இதை ஒப்பிட்டார். அந்நாளின் சட்ட அறிவாளிகளின் மனத்தில் இருந்த அச்சத்தை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்கள் 1984இல் வென்றார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்து அப்போது ஏழு ஆண்டு ஆகியிருந்தது.

1980களில் எய்ட்ஸ் வந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் இறந்துகொண்டிருந்த நாட்களில் மாநாடுகள் வேறு கனம் பெற்றன. யேல் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான மையத்தையும் ஆண்டு மாநாட்டையும் தொடங்கியவர்களுள் முதன்மையானவர், இடைக்கால வரலாற்றறிஞர் ஜான் பாஸ்வெல். அம்மாநாடு 1990இல் ஹார்வர்டுக்கும் 1991இல் ரட்கர்ஸுக்கும் நகர்ந்து பெருகியது. பாஸ்வெல் 1994இல் 47 வயதில் எய்ட்ஸால் மறைந்தார்.

1990 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் தெரசா டி லௌரட்டிஸ் கூட்டிய மாநாட்டில்தான் குயர் கோட்பாடு என்ற பெயர் கல்வியுலகுக்குள் வந்தது. ஜூடித் பட்லர், ஈவ் செட்ஜ்விக் இருவரின் அடிப்படை நூல்களும் அதே ஆண்டில் வெளிவந்தன. ஆண், பெண், இயல்பு, பிறழ்வு என்ற பகுப்புகளே எப்படி உருவாகின என்று கேட்கும் கோட்பாடு அது. அதனால் சிந்தனை ஆழப்பட்டது. ஆனால் நடை இறுகியது. பாதிக்கப்பட்ட மாணவரும் அவருடைய பெற்றோரும் படித்துப் புரிந்துகொள்ள இயலாத கட்டுரைகள் பெருகின. 1973இல் பட்டம் இல்லாத காட்ஸுக்கும் பேராசிரியர் டூபர்மனுக்கும் ஒரே மேடை இருந்தது. இருபது ஆண்டில் அந்த நெருக்கம் குறைந்துபோனது துறைக்கு நேர்ந்த இழப்புதான்.

விடுபட்டவர்கள் தம் மேடைகளைத் தாமே அமைத்தார்கள். சூசன் ஸ்ட்ரைக்கர் 1993இல் கலிபோர்னியாவின் சான் மார்க்கோஸ் வளாகத்தில் நடந்த மாநாட்டில் நிகழ்த்துரையாக வழங்கியது மறு ஆண்டு அச்சேறி, திருநர் ஆய்வின் தொடக்க எழுத்துகளுள் ஒன்றாயிற்று. மருத்துவர்கள் தம்மைப் பற்றி எழுதியதைப் படித்துவந்த திருநர், தாமே எழுதும் காலம் அதிலிருந்து வந்தது. 2000 ஏப்ரலில் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் கறுப்பின ஆய்வாளர்கள் கூடி, வெள்ளையர் அனுபவத்தை எல்லோர் அனுபவமாக நிறுத்திய குயர் ஆய்வையும், இவ்விஷயத்தில் மௌனம் காத்த கறுப்பின ஆய்வையும் ஒருங்கே கேள்வி கேட்டார்கள். அவர்களின் கட்டுரைகள் 2005இல் நூலாயின.

ஆய்வாளர் மாநாடுகளுக்குப் பக்கத்தில் மாணவர் மாநாடுகள் வேறொரு மரபாக வளர்ந்தன. தென்கிழக்கிலும் மத்திய மேற்கிலும் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கொரு பல்கலைக்கழகத்தில் அவை கூடின. திட்டமிடுவதும் நிதி திரட்டுவதும் மாணவர்களே. பயிலரங்குகளில் சட்டம், உடல்நலம், மதம், குடும்பத்திடம் தன்னை வெளிப்படுத்துதல் ஆகியவை பேசப்படும். இருபாலீர்ப்பினர், திருநர், கறுப்பின மாணவர் என்று தனித்தனி அறைகளில் கூடுவதும் உண்டு. சிறு ஊர்க் கல்லூரியிலிருந்து வரும் மாணவருக்கு முதன்மை உரையைவிட அந்தச் சிறு அறைகளே பெரிது. தன்னைப் போன்றவர்களைக் கூட்டமாக அவர் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இவற்றுள் கடும் சோதனைக்கு ஆளானது 1996 பிப்ரவரியில் டஸ்கலூசா நகரில் அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்கிழக்கு மாநாடு. அலபாமா சட்டமன்றம் 1992இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மாநிலத்தின் பழைய பாலுறவுச் சட்டங்கள் தடைசெய்த வாழ்க்கை முறையை ஊக்குவிக்கும் எந்த அமைப்புக்கும் அரசுக் கல்லூரிகள் பணமோ இடமோ தரக் கூடாது என்பது அதன் சாரம். மொபைல் நகரில் தென் அலபாமா பல்கலைக்கழக மாணவர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தார்கள். மாநாடு நெருங்கிய 1996 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி மைரன் தாம்சன் அச்சட்டம் கருத்துரிமைக்கு முரணானது என்று செல்லாததாக்கினார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் செஷன்ஸ் விடவில்லை. மாநாட்டை நிறுத்த முயன்றார். நிறுத்த முடியவில்லை. மாணவர்கள் அறிவித்த நாளில் கூடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1997இல் தாம்சனின் தீர்ப்பை உறுதிசெய்தது. மாநாட்டுக்கு வந்து உட்கார்வதே உரிமைப் போராட்டமாகிவிட்ட நிகழ்ச்சி இது. சட்ட நூல்களில் வழக்காக மட்டும் இது இடம்பெறுவது போதாது. அந்த மாணவர்களின் துணிவும் சொல்லப்பட வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரானி சான்லோ பால்புதுமை மாணவர்களுக்கென 1995இல் தொடங்கிய லாவண்டர் பட்டமளிப்பு விழாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். தன்பாலீர்ப்பாளர் என்பதால் தம் பிள்ளைகளின் பட்டமளிப்பில் கலந்துகொள்ள முடியாமல்போன தாய் அவர். முதல் விழாவில் பட்டம் பெற்றவர்கள் மூவர். பின்னர் நாடெங்கும் பல வளாகங்களில் அது வழக்கமாயிற்று.

ஆய்வு நீதிமன்றத்துக்குள் நுழைந்தது 2003இல். தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய டெக்சஸ் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிய லாரன்ஸ் வழக்கில், ஜார்ஜ் சான்சி உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் ஓர் அறிக்கை தாக்கல் செய்தார்கள். இந்தத் தடை காலங்காலமாக ஒரே பொருளில் இருந்துவந்ததன்று என்று அது விளக்கியது. நீதிபதி கென்னடியின் தீர்ப்பு காட்ஸையும், டிஎமிலியோ எஸ்டெல் ஃப்ரீட்மனுடன் சேர்ந்து எழுதிய நூலையும் மேற்கோளாகக் காட்டியது. ஜான் ஜே கல்லூரியில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடைகள், முப்பது ஆண்டு கழித்துச் சட்டமாயின. திருமண உரிமம் கேட்டு ஜாக் பேக்கரும் மெக்கானலும் தொடுத்து 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற வழக்கின் முடிவை 2015இல் திருமண உரிமைத் தீர்ப்பு நீக்கியது. லாரன்ஸ் தீர்ப்பு இந்தியாவிலும், தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது. 2018இல் அப்பிரிவைக் குறுக்கிய வழக்கின் மனுதாரர்களுள் ஐஐடிகளில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் இருந்தார்கள்.

அண்மை ஆண்டுகளில் காற்று திரும்பியிருக்கிறது. பன்மைத்துவ அலுவலகங்களை அரசுப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கக் கூடாது என்று டெக்சஸ் 2023இல் சட்டம் இயற்றியது; 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே தன் பால்புதுமையினர் மையத்தை மூடிவிட்டது. டெக்சஸ் ஏ அண்ட் எம் நிர்வாகக் குழு 2024 நவம்பரில் இத்துறையின் துணைப்பாடத்தை நிறுத்த வாக்களித்தது. 2025இல் வளாகத்தில் வேறு பாலினத்தவர் போல வேடமிட்டு ஆடும் டிராக் நிகழ்ச்சிகளுக்கு அது விதித்த தடையைக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் கருத்துரிமை அடிப்படையில் இடைக்காலமாக நிறுத்திவைத்தார். 2023ஆம் ஆண்டுச் சட்டம் வகுப்பறைப் பாடத்தையும் ஆய்வையும் பதிவுபெற்ற மாணவர் அமைப்புகளையும் தொடவில்லை. ஆகவே அலுவலகமும் ஊழியரும் போன வளாகங்களில் கருத்தரங்கையும் பட்டமளிப்பையும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் தம் பொறுப்பில் நடத்திவருகிறார்கள்.